அண்ணன் வாசித்த காதல் கதை

ஜனவரி 9

அன்புள்ள புழுவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். உன் இருமல் விட்டதா? புத்தகப் புழு என்று முழுதாக எழுதினால் கோபித்துக்கொள்வாய் என்று பாதியை வெட்டிவிட்டேன்.

உன் அண்ணனுக்கு மாற்றலாகி நாங்கள் வந்த இந்த வீடு தெருக்கோடியில், மாடியில். கீழே மரக்கிடங்கு. பகலில் ரம்பச் சத்தம், சாயங்காலத்துக்குப் பிறகு ஈ காக்கை கிடையாது. எடை அளவு ஆய்வாளர் வீடு என்பதால் நான் தெருவில் இறங்கினாலே கடைக்காரர்கள் தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். "இப்படி ஒரு நேர்மையான அதிகாரியை நாங்க பார்த்ததே இல்லைம்மா" என்கிறார் எதிர்க்கடைக்காரர். பில் ஏறுகிறதென்று அண்ணன் டெலிபோன் டயலுக்கு ஒரு சின்னப் பூட்டு போட்டிருக்கிறார். அதனால் இனிமேல் நமக்குக் கடிதம்தான். அதையும் அவரே படித்து, அவரே ஒட்டி, அவரே தபாலில் போட்டுவிடுகிறார். எனக்கு அலைச்சல் மிச்சம்.

இனி நம் விஷயம். இந்த வரிக்குக் கீழே அவர் படிக்கமாட்டார். நாவல் பேச்சு வந்தாலே "ரெண்டு பைத்தியமும் உளற ஆரம்பிச்சாச்சா" என்று தாளை மடித்துவிடுவார். நீ அனுப்பிய புரூஃப் தாள்களை முடித்துவிட்டேன். உன் அச்சகத்தில் திருத்தம் முடிந்து குப்பைக்குப் போகிற தாள், எனக்குப் புதையல். அந்தப் பல் டாக்டர் நாயகன்! காலையெல்லாம் கடைவாய்ப்பல் பிடுங்கிய கையால் அவள் நெற்றி முடியை ஒதுக்குகிறானே, கையைக் கழுவினானா இல்லையா என்று எழுதினவர் சொல்லவேயில்லை. ஆனாலும் எனக்குச் சிலிர்த்தது. அடுத்த கட்டு எப்போது?

உன் அண்ணி

*

ஜனவரி 20

அன்புள்ள அண்ணிக்கு,

இருமல் போய்விட்டது, கவலைப்படாதீர்கள். அண்ணனுக்கு வயிற்று எரிச்சல் தேவலையா? வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்லுங்கள்.

இங்கே அச்சகத்தில் மாதம் ஆறு காதல் நாவல் போடுகிறோம். அதில்தான் எல்லோருக்கும் சம்பளம். ஆனால் முதலாளி வருகிறவர்களிடம் பாடநூல்களை மட்டும் எடுத்துக் காட்டுவார். அச்சுக் கோர்க்கும் அக்கா நேற்று, "நாயகி அழாத அத்தியாயம் ஏதாவது இருந்தா சொல்லும்மா, அதை மொதல்ல கோக்கறேன். கண்ணீர் கண்ணீர்னு கோத்து என் பெட்டியில 'க' எழுத்தே தீர்ந்துபோச்சு" என்றார்.

போன வாரம் நூலகத்தில் ஒரு கூட்டத்துக்குப் போனேன். இந்தக் கதைகள் பெண்களை மழுங்கடிக்கின்றன, அடிக்கிறவனையும் ரசிக்கக் கற்றுக்கொடுக்கின்றன என்று ஒரு பேராசிரியை பேசினார். என் பையில் ஒரு நாவல், பழுப்புத்தாள் அட்டைக்குள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், அண்ணி. இலக்கியத்தில் முதுகலை வாங்கியவள், பெரிய பெரிய புத்தகமெல்லாம் படிக்கிறவள், இதை ஏன் விடமுடியவில்லை என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வந்தேன். எனக்குக் கிடைத்த பதில் இதுதான்: முடிவு நல்லபடியாக இருக்கும் என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. அதனால் நடுவில் என்ன வந்தாலும் நிம்மதியாகப் பயப்படலாம். வேறு எந்தப் புத்தகத்தில் அது கிடைக்கிறது?

இத்துடன் ஒரு கட்டு அனுப்புகிறேன். கப்பல் என்ஜினியர் கதையை முதலில் படியுங்கள்.

உங்கள் புழு

*

பிப்ரவரி 15

அன்புள்ள புழுவுக்கு,

நலம். குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு கொஞ்சம் வீங்கிவிட்டது. அதனால்தான் தாமதம். அண்ணன் தைலம் தடவிவிடுகிறார். நீ வேளைக்குச் சாப்பிடு.

நம் விஷயம். கப்பல் என்ஜினியர் கிடக்கட்டும். நீ அனுப்பிய கட்டுக்குள் இன்னொரு கதையும் இருந்தது. தலைப்புத் தாள் இல்லை. நாயகன் ஒரு அதிகாரி, ஊரெல்லாம் மதிக்கிற மனிதன். அவளைக் கல்யாணம் செய்து தனி வீட்டுக்கு அழைத்துவருகிறான். அவள் ஒருநாள் பழம் விற்கிறவரிடம் சிரித்துப் பேசுகிறாள். அவன் கத்தவில்லை. மூன்று நாள் பேசாமல் இருக்கிறான். பிறகு ஜன்னல்களை ஆணியடித்து மூடுகிறான், தூசி வருகிறதாம். வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு போகிறான், திருட்டுப் பயமாம். சாயங்காலம் வந்து கதவைத் திறக்கும் சத்தம் கேட்டதும் அவள் கைவேலையைப் போட்டுவிட்டு எழுந்து நிற்கிறாள். ஆனால் அவனுக்கு அவள் மேல் உயிர். எழுதினவர் அதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

தாள் அதோடு நின்றுவிட்டது, முடிவு இல்லை. நீ எத்தனை கதை படித்தவள். அவள் என்ன செய்யவேண்டும் என்று நினைக்கிறாய்? எனக்குத் தெரிந்தே ஆகவேண்டும் போலிருக்கிறது. சீக்கிரம் எழுது.

உன் அண்ணி

*

பிப்ரவரி 22

அன்புள்ள அண்ணிக்கு,

மணிக்கட்டுக்கு எக்ஸ்ரே எடுத்தீர்களா? குளியலறைத் தரையை உப்புப் போட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள், வழுக்காது.

அந்தக் கதை எனக்கு நினைவில்லை. பக்கத்து மேஜைக்காரர் திருத்தியதாக இருக்கும், தாள் கலந்திருக்கும். ஆனால் நீங்கள் சொன்னதைப் படிக்கும்போதே எனக்கு நாக்கில் எச்சில் ஊறிவிட்டது! பேசாத முரடன், பூட்டு, தனி வீடு. இந்த ரகத்தை நமக்குத் தெரியாதா? மூன்று நாள் பேசாமல் இருந்தானே, அதுதான் அடையாளம். உள்ளுக்குள் உருகிக்கொண்டிருக்கிறான், சொல்லத் தெரியவில்லை. பழைய காயம் ஏதோ இருக்கும், பத்தாம் அத்தியாயத்தில் வெளியே வரும் பாருங்கள்.

நாயகி என்ன செய்யவேண்டுமா? பொறுத்திருக்கவேண்டும்! அவள் பாட்டுக்கு ஆறாம் அத்தியாயத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டால் அப்புறம் கதைக்கு எங்கே போவது? காய்ச்சலில் படுத்தால் போதும், அவன் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுவிடுவான். நான் பந்தயம் கட்டுகிறேன். அவளைக் கிளம்பவிடாதீர்கள்!

உங்கள் புழு

*

மார்ச் 28

அன்புள்ள புழுவுக்கு,

நலம். நீ நலம்தானே? எழுத்து கோணலாக இருக்கும், இடது கை.

நம் விஷயம். அந்தக் கதையின் மீதித் தாள்கள் கிடைத்தன. நீ சொன்னபடியே அவள் பொறுத்திருக்கிறாள். காய்ச்சலும் வந்தது. அவன் அழவில்லை. அவள் நடிக்கிறாள் என்றான்.

அவனிடம் ஒரு இரண்டு கிலோ இரும்பு எடைக்கல் இருக்கிறது. ஏதோ கடையில் பறிமுதல் செய்தது. சாயங்காலம் கைக்குட்டையைத் தொடைமேல் வைத்து நான்காக மடித்தபடி, மெதுவான குரலில், அன்று அவள் செய்த தவறு என்ன என்று கேட்பான். அவள் ஏதாவது ஒன்றைச் சொல்லவேண்டும். பிறகு அந்தக் கல்லைக் கையில் ஏந்தி, கையை நீட்டி, சுவர் ஓரமாக நிற்கவேண்டும், அவன் பேப்பர் படித்து முடிக்கிறவரை. கீழே போட்டால் மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து படிப்பான்.

உனக்கு இந்தக் கதை இன்னும் பிடிக்கிறதா?

உன் அண்ணி

*

ஏப்ரல் 3

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லோரும் நலம். மழை இல்லை. அண்ணனுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நம் விஷயம். அந்தக் கதையை அச்சகம் முழுக்கத் தேடினேன். அலமாரியைக் கவிழ்த்தேன், பக்கத்து மேஜைக்காரரைக் கேட்டேன். பிறகு வீட்டுக்கு வந்து உங்கள் கடிதத்தை இன்னொரு முறை படித்தேன். கைக்குட்டை வந்த இடத்தில் நிறுத்தினேன். அப்புறம் கதை முழுவதும் எனக்குக் கிடைத்துவிட்டது, அண்ணி.

நீங்கள் பார்க்காத ஒரு அத்தியாயம் அதில் இருக்கிறது. நாயகனுக்கு ஒரு தங்கை. அப்பா அம்மா இல்லாத பெண். அவன்தான் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பினான், சோறு ஊட்டினான். அவள் கணக்கில் தப்புச் செய்தால் இரண்டு சிலேட்டைக் கையில் கொடுத்து, கையை நீட்டி, சுவர் ஓரமாக நிற்கவைப்பான். அவன் கைக்குட்டையை நான்காக மடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அதை அவள் கண்டிப்பு என்று நினைத்தாள், அன்பு என்றுகூட நினைத்தாள். பெரியவளான பிறகு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, நாயகிக்குப் பொறுத்திரு என்று புத்தி சொன்னவள் அந்தத் தங்கைதான். கதை வேறு, வீடு வேறு என்று தெரியாத முட்டாள்.

அவள் இப்போது புரிந்துகொண்டுவிட்டாள். நாயகி வெளியே வரவேண்டும். தங்கை அதற்கு ஏதாவது செய்வாள். எப்படி என்று இன்னும் எழுதப்படவில்லை.

உங்கள் புழு

*

ஏப்ரல் 14

பாப்பாவுக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கு நலம், உன் நலம் அறிய விரும்புகிறேன். அண்ணிக்குக் கை சரியில்லாததால் நான் எழுதுகிறேன். இனி நானே எழுதுவேன்.

உன் கடிதத்தில் நலம் விசாரிப்பது நாலு வரி, கதை ஒரு பக்கம். அப்படி என்னதான் கதை என்று இந்த முறை படித்துப் பார்த்தேன். சிலேட்டு பிடிக்கிற இடம் நன்றாக இருந்தது. அப்படி நின்றதால்தான் நீ கணக்கில் முதலாவதாக வந்தாய். மறந்திருக்கமாட்டாய் என்று தெரியும். ஆனால் இதை எழுதினவருக்கு நம் வீடு எப்படித் தெரியும்?

அண்ணியைக் கேட்டேன், நீ அனுப்பிய தாள் என்கிறாள். தாள் எங்கே என்றால் அடுப்பில் போட்டுவிட்டேன் என்கிறாள். எனக்கு அவள் மனநிலை குறித்துக் கவலையாக இருக்கிறது. இல்லாததை இருப்பதாகச் சொல்வது ஒரு நோயின் ஆரம்பம் என்று தெரிந்த டாக்டர் ஒருவர் சொன்னார். இங்கே அதற்கென ஒரு ஆஸ்பத்திரி இருக்கிறது, சேர்த்துக்கொள்வார்கள். அதற்கு முன் அந்த நாவலை நான் கண்ணால் பார்க்கவேண்டும். அப்படி ஒன்று இருந்தால் அனுப்பி வை.

வேளைக்குச் சாப்பிடு.

அண்ணன்

*

ஏப்ரல் 24

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. அண்ணி சொன்னது உண்மைதான், அண்ணா. நீங்கள் கேட்டதால் முதல் மூன்று அத்தியாயங்களின் புரூஃப் தாளை மறுபடி எடுத்து அனுப்புகிறேன். மை இன்னும் காயவில்லை, சட்டையில் ஒட்டும், பார்த்துப் புரட்டுங்கள்.

எழுதுகிறவர் பெயர் போட விரும்பாதவர். அத்தியாயம் அத்தியாயமாகத்தான் தருகிறார். அவரிடம் பேசும்போது நீங்கள் என்னை வளர்த்த விதத்தைச் சொன்னேன். "இப்படி ஒரு மனுஷனைத்தான்மா நான் நாயகனா தேடிட்டிருந்தேன்" என்று சொல்லி, உங்களை மனத்தில் வைத்தே எழுதுகிறார். உங்களிடம் சொல்லாமல் செய்தது தப்பு. மன்னித்துவிடுங்கள்.

படித்துவிட்டு உங்கள் கருத்தை எழுதினால் அவரிடம் சேர்த்துவிடுவேன். அண்ணியை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

பாப்பா

*

மே 8

பாப்பாவுக்கு,

நலம். தாள்கள் கிடைத்தன. குப்பை என்று நினைத்துத்தான் எடுத்தேன். ஆனால் இதை எழுதினவர் விவரமானவர். நாயகன் ஏன் பூட்டிக்கொண்டு போகிறான் என்பதை அவன் மனத்துக்குள் போய்ச் சொல்லியிருக்கிறார். ஒரு ஆணின் பொறுப்பு என்னவென்று இந்தக் காலத்தில் யார் எழுதுகிறார்கள்? மூன்றாம் அத்தியாயத்தில் அவன் வெறும் நாற்காலியோடு பேசுகிற இடத்தை இரண்டு முறை படித்தேன்.

இரண்டு குறைகள். நாயகன் உயரத்தைக் குறிப்பிடவில்லை. நாயகி அளவுக்கு மேல் அழுகிறாள், குறைக்கச் சொல்.

ஆஸ்பத்திரி விஷயத்தை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறேன். சாயங்காலம் பேப்பருக்குப் பதிலாக இதை அண்ணியை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறேன். முடிந்ததும் திரும்பவும் முதலிலிருந்து. அவள் கையும் தேறி வருகிறது. கீழே இரண்டு வரி எழுத அனுமதித்திருக்கிறேன்.

அடுத்த அத்தியாயங்களை உடனே அனுப்பு.

அண்ணன்

புழு, கதை நன்றாக இருக்கிறது. நான் உட்கார்ந்துகொண்டு வாசிக்கிறேன். அடுத்த அத்தியாயம் நீளமாக இருக்கட்டும். ரொம்ப நீளமாக.

*

ஜூன் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். நலம். நான்கு முதல் ஒன்பது வரை கிடைத்திருக்கும். நாயகனின் உயரத்தைச் சேர்த்துவிட்டார். அழுகையையும் குறைத்துவிட்டார். உங்கள் யோசனைகளைப் பார்த்து ஆச்சரியப்படுகிறார்.

ஒரு சங்கடம். கடைசி அத்தியாயம் வந்துவிட்டது. அதில் நாயகி வீட்டை விட்டுப் போய்விடுகிறாள். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், அண்ணா. எழுதினவர் கேட்கவில்லை. முதலாளி, "முடிவு வெளிய கசிஞ்சா புத்தகம் விக்காது. இந்தத் தாள் இந்த அறையை விட்டுப் போகக்கூடாது" என்று சொல்லிவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

வியாழக்கிழமை முதலாளி அச்சகத்தில் இருப்பார். நீங்கள் நேரில் வந்து படித்துப் பார்த்து, ஒரு வார்த்தை சொன்னால் மாற்றினாலும் மாற்றுவார். உங்களைப் போன்ற ஒரு அதிகாரி சொன்னால் தட்டமாட்டார். நான் சின்னவள், என் பேச்சு எடுபடாது.

பாப்பா

*

ஜூன் 9

பாப்பாவுக்கு,

அவள் போகக்கூடாது. போனால் இத்தனை அத்தியாயமும் வீண். அவனைப் போல் ஒருவன் அவளுக்கு எங்கே கிடைப்பான்?

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். சாயங்காலமே திரும்பிவிடுவேன். அண்ணிக்கு வெயில் ஆகாது. வீட்டில்தான் இருப்பாள்.

அண்ணன்

*

ஜூன் 30

அன்புள்ள அண்ணிக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? கை வலி எப்படி? தூக்கம் வருகிறதா? இந்தக் கடிதத்தை அச்சுக் கோர்க்கும் அக்காதான் கொண்டுவந்து தருவார். நீங்கள் எந்த ஊரில், யார் வீட்டில் இருக்கிறீர்கள் என்று என்னிடம் சொல்லக்கூடாது என அவரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். காரணம் கடைசியில் எழுதுகிறேன்.

உங்கள் பக்கத்தில் நடந்ததை அக்கா சொன்னார். பூட்டுக்காரரோடு வந்து வாசலில் நின்றபோது, உள்ளேயிருந்து நீங்கள் குரலே கொடுக்கவில்லையாம். அண்ணன்தான் ஆள் அனுப்பிச் சோதிக்கிறார் என்று நினைத்தீர்களாம். "நான்தான்மா உங்க கதையைக் கோத்தவ. உங்க நாத்தனார் ராவும் பகலுமா எழுதி எழுதிக் குடுத்தா, நான் கோத்துக் கோத்து என் விரல் போச்சு. கதவுப் பக்கத்துல வந்து நில்லுங்க" என்று சொன்ன பிறகுதான் உங்கள் காலடிச் சத்தம் கேட்டதாம். பூட்டு திறக்கிறவரை எதிர்க்கடைக்காரர் பார்த்துக்கொண்டே நின்றாராம். "சார் வீட்ல இல்லீங்களே" என்று ஒரு முறை சொன்னாராம். அதைக் கேட்டதும் அக்காவுக்கு உயிரே போய்விட்டதாம்.

என் பக்கத்தில் நடந்ததை நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டும்.

நம் விஷயம் முதலாளிக்குப் பாதி தெரியும், அதனால் வெளியே போய்விட்டார். "வந்துடுவாருண்ணா, அதுக்குள்ள படிச்சுடுங்க" என்று அண்ணனைப் புரூஃப் அறையில் உட்கார வைத்தேன். கடைசி அத்தியாயத்தை என்னால் முடிந்த அளவு நீளமாக எழுதியிருந்தேன். அவர் ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்துப் படித்தார். நான் எதிரில் உட்கார்ந்து வேறு ஏதோ தாளைத் திருத்துவது போல் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு எழுத்தும் கண்ணில் படவில்லை. இந்நேரம் அக்கா தெருவுக்குள் நுழைந்திருப்பார், இந்நேரம் பூட்டு, இந்நேரம் படிக்கட்டு என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு முறை அவர் எழுந்தார். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

நாயகன் திரும்பி வந்து வெற்று வீட்டில் அறை அறையாகத் தேடுகிற பக்கம் வந்தது. அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். அழுதார், அண்ணி. அப்பா அம்மா போனபோதுகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை. நாயகனுக்காக அழுதார். அவளைப் பற்றிய பக்கங்களில் அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. நான் ஒன்பது அத்தியாயமாக ஒரு நப்பாசையில் எழுதிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. எங்காவது ஒரு வரியில் அவர் உங்களைப் பார்த்துவிடுவார், எடைக்கல்லைக் கொண்டுபோய் அலுவலகத்தில் வைத்துவிடுவார் என்று. முரடன் உருகுவான் என்று பந்தயம் கட்டியவள் அல்லவா நான். அவர் உருகத்தான் செய்தார். அவருக்காகவே.

அந்தப் பேராசிரியை சொன்னது நினைவுக்கு வந்தது. அவர் பேச்சில் பாதி சரி, பாதி தப்பு. இந்தக் கதைகளை நாம் படித்ததால் நீங்கள் அடி வாங்கவில்லை. ஆனால் புத்தகத்தில் மட்டுமே செல்லுபடியாகிற ஒரு உறுதியை எடுத்து நான் உங்கள் வீட்டுக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன். அதே சமயம், இதை அவர் குப்பை என்று ஒதுக்கியிருக்காவிட்டால் அந்தக் கதையைச் சொன்ன உங்கள் கடிதமே எனக்கு வந்திருக்காது. போலீஸுக்குப் போகலாமா என்றும் யோசித்தேன். ஒரு பக்கம் ஊர் மெச்சும் அதிகாரி, இன்னொரு பக்கம் காதல் கதை படிக்கிற இரண்டு பெண்கள். யார் பேச்சு நிற்கும்?

படித்து முடித்து, தாள்களை ஒழுங்காக அடுக்கினார். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். பிறகு அதைத் தொடைமேல் வைத்து மடிக்க ஆரம்பித்தார்.

"பாப்பா, இதை எழுதினது யாரு?"

"பெயர் சொல்லக்கூடாதுன்னு இருக்காருண்ணா."

"ம்." இன்னொரு மடிப்பு. "அவ எங்க போவா?"

"கதையில அது இல்லைண்ணா."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுண்ணா."

அது அப்போதும் உண்மை, இப்போதும் உண்மை. அதனால்தான் என் குரல் நடுங்கவில்லை. அண்ணனுக்கு என் பொய் தெரியும், சின்ன வயதிலிருந்தே தெரியும். நேரில் கேட்டால் எனக்குத் தெரிந்த எதையும் அவரிடமிருந்து என்னால் மறைக்க முடியாது. அதற்குத்தான் அக்காவிடம் சத்தியம்.

தாள்களை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். முதலாளிக்காகக் காத்திருக்கவில்லை. வாசல்வரை போனவர் நின்று திரும்பினார்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேண்ணா."

"முகம் வாடியிருக்கு. வேளைக்குச் சாப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு இரண்டு முறை வந்துவிட்டார். உங்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அச்சகத்துக்கு எதிரில் மர நிழலில் நிற்கிறார். நான் வெளியே வந்ததும் சாலையைக் கடந்து வந்து, சாப்பிட்டாயா என்று கேட்கிறார். ஊட்டி வளர்த்த அதே குரல். அதில் துளிப் பொய் கிடையாது, அண்ணி. மிரட்டினால்கூட நான் தாங்கிக்கொள்வேன். அந்தக் குரலைக் கேட்கும்போதெல்லாம், உங்கள் ஊர்ப் பெயர் எனக்குத் தெரிந்திருந்தால் இந்நேரம் சொல்லியிருப்பேன் என்று தோன்றுகிறது.

எனக்குக் கடிதம் எழுதாதீர்கள்.

உங்கள் புழு